நீதிபதிகளிடையே பாலினப் பாகுபாடு

நீதிபதிகளிடையே பாலினப் பாகுபாடு என்பது, நீதிமன்றப் பணியில் உள்ளோர், உடன் பணியாற்றும் பெண் நீதிபதிகளையும் பெண் வழக்கறிஞர்களையும் பெண் ஊழியர்களையும் பெண் என்பதனாலேயே தாழ்வாகவோ வேறாகவோ நடத்துவதையும், அதனால் அவர்களுடைய பணி, பதவி உயர்வு, உடல்நலம், நன்மதிப்பு ஆகியவற்றில் ஏற்படும் விளைவுகளையும் குறிக்கும். இது தீர்ப்புகளில் வெளிப்படும் பாலினச் சாய்விலிருந்து சற்று வேறானது. தீர்ப்பில் உள்ள சாய்வு எழுத்தில் பதிவாகிறது; மேல்முறையீட்டில் திருத்தப்படவும் கூடும். உடன் பணியாற்றுவோர் மீதான பாகுபாடு இடமாற்ற ஆணை, மதிப்பீட்டுக் குறிப்பு, வழக்கு ஒதுக்கீடு, அறைக்குள் நிகழும் பேச்சு ஆகியவற்றில் மறைந்திருப்பதால் எளிதில் வெளிவருவதில்லை.

இந்தியாவில் கீழமை நீதிமன்றங்களில் பெண்களின் எண்ணிக்கை விரைந்து உயர்ந்துள்ளது. உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் அது மிகக் குறைவாகவே உள்ளது. 2023 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வெளியிட்ட அறிக்கையின்படி மாவட்ட நீதித்துறையில் 36.3 விழுக்காட்டினரும், உயர் நீதிமன்றங்களில் 13.4 விழுக்காட்டினரும், உச்ச நீதிமன்றத்தில் 9.3 விழுக்காட்டினரும் பெண்களாவர். இதன் விளைவாகப் பெரும்பாலான பெண் நீதிபதிகளின் பணியை மதிப்பிடுவோரும் இடமாற்றுவோரும் ஆண்களாகவே உள்ளனர். இக்கட்டுரை சென்னை உயர் நீதிமன்றத்தையும் அதன் மதுரைக் கிளையையும் முதன்மையாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் "நீதிபதி" என்னும் சொல்லில் உள்ள "பதி" தலைவன் என்னும் பொருளுடையது. உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் குறிக்க வழங்கும் "நீதியரசர்" என்பதும் அரசர் என்னும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். இவ்விரண்டும் இன்று இருபாலார்க்கும் பொதுவாக ஆளப்படுகின்றன. ஆயினும் அப்பதவி ஆணுக்குரியது என்ற பழைய எண்ணம் அச்சொற்களில் தங்கியுள்ளது. ஆங்கில மரபைப் பின்பற்றும் நீதிமன்றங்களில் ஓர் அமர்வில் உடன் அமரும் நீதிபதியைக் "கற்றறிந்த சகோதரர்" என்று குறிப்பிடும் வழக்கமும் இவ்வகையினதே. பெண்கள் அமர்வுக்கு வந்த பின்னரே "சகோதரி" என்ற வழக்குத் தோன்றியது.

தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கில் "சார்பு நீதிபதி" என்பது மாவட்ட நீதிபதிக்குக் கீழ்நிலையில் உள்ள ஒரு பதவியின் பெயராகும். அதனோடு மயங்காதிருக்கும் பொருட்டு இக்கட்டுரையில் "பாலினச் சார்பு" என்பதற்கு மாற்றாகப் "பாகுபாடு", "சாய்வு" ஆகிய சொற்கள் ஆளப்பட்டுள்ளன.

வரலாறு

வழக்காடும் உரிமை

பிரித்தானிய இந்தியாவில் பெண்கள் நீதிபதியாவதற்கு முன்னர், வழக்கறிஞராவதற்கே தடை இருந்தது. 1916 ஆம் ஆண்டு ரெஜினா குகா என்பவரின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றமும், 1921 ஆம் ஆண்டு சுதான்சுபாலா அசுரா என்பவரின் விண்ணப்பத்தைப் பாட்னா உயர் நீதிமன்றமும் நிராகரித்தன. சட்டத்தில் உள்ள "நபர்" என்னும் சொல் பெண்ணைக் குறிக்காது என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணமாகும். 1921 இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் மட்டும் கொர்னேலியா சொராப்ஜியை வழக்கறிஞராக ஏற்றுக்கொண்டது. 1923 ஆம் ஆண்டின் பெண் சட்டத்தொழிலர் சட்டம் இத்தடையை நீக்கியது. 1929 ஆம் ஆண்டு ஆனந்தா பாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்து, அங்கு முதல் பெண் வழக்கறிஞரானார்.

அன்னா சாண்டி

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1937 ஆம் ஆண்டு அன்னா சாண்டி முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். இவரே இந்தியாவின் முதல் பெண் நீதிபதியாகக் கருதப்படுகிறார். 1948 இல் மாவட்ட நீதிபதியாகவும், 1959 இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார். பெண்களுக்கு அரசுப் பணி கூடாது என்று வாதிட்டோருக்குப் பொது மேடையில் மறுப்புரைத்தவர் இவர். அக்காலத்தில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. எனவே இன்று மதுரைக் கிளையின் எல்லைக்குள் உள்ள ஒரு நிலப்பகுதி, நாட்டின் முதல் பெண் நீதிபதியை நியமித்த அரசின் பகுதியாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை உயர் நீதிமன்றம்

1862 ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தில் 1986 ஆம் ஆண்டிலேயே முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை நியமிக்கப்பட்டார். இதற்கு 124 ஆண்டுகள் ஆயின. 1992 இல் காந்தகுமாரி பட்நாகர் அந்நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதியானார். பின்னர் இந்திரா பானர்ஜி (2017-2018), விஜயா கமலேஷ் தகில்ரமாணி (2018-2019) ஆகியோர் அப்பதவியை வகித்தனர்.

2020 டிசம்பரில் பத்து மாவட்ட நீதிபதிகள் ஒரே நாளில் உயர் நீதிமன்ற நீதிபதிகளாகப் பதவியேற்றனர். அவர்களுள் நால்வர் பெண்கள். அவர்களில் ஒருவரும் அவருடைய கணவரும் ஒன்றாகவே பதவியேற்றனர். அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் பெண் நீதிபதிகளின் எண்ணிக்கை 13 ஆக உயர்ந்தது. நாட்டின் உயர் நீதிமன்றங்களுள் அதுவே அப்போது மிகுதியான எண்ணிக்கையாகும்.

உச்ச நீதிமன்றம்

1950 இல் தொடங்கப்பட்ட உச்ச நீதிமன்றத்தில் அக்டோபர் 6, 1989 அன்று பாத்திமா பீவி முதல் பெண் நீதிபதியாகப் பதவியேற்றார். இவர் 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். 2025 வரை உச்ச நீதிமன்றத்தில் பதவி வகித்த பெண்கள் பதினொருவர் மட்டுமே. அவர்களுள் ஆறாமவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆர். பானுமதி ஆவார்.

மதுரைக் கிளை

மதுரை, நீதி கேட்டு அரசவைக்கு வந்த பெண்ணின் கதையால் அறியப்பட்ட நகரம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி வழக்குரைத்தது பாண்டியன் அவையில். ஆயின் அக்கதையில் பெண் முறையீட்டாளரே. தீர்ப்புரைக்கும் இடத்தில் அமர்ந்தவர் அல்லர். அந்நகரில் உயர் நீதிமன்ற அமர்வில் பெண்கள் அமர்வது ஜூலை 24, 2004 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பட்ட பின்னரே இயன்றது. மதுரை - மேலூர் சாலையில் ஒத்தக்கடைக்கு அருகே அமைந்துள்ள இக்கிளை, தொடக்கத்தில் 13 தென் மாவட்டங்களுக்கு உரியதாக இருந்தது.

கிளைக்கெனத் தனியாக நீதிபதிகள் நியமிக்கப்படுவதில்லை. சென்னையில் உள்ள நீதிபதிகள் சுழற்சி முறையில் சில மாதங்களுக்கு மதுரைக்கு அனுப்பப்படுகின்றனர். இம்முறை இருபாலார்க்கும் பொதுவானது. எனினும் குழந்தைகளையும் முதியோரையும் பேணும் பொறுப்புக் குடும்பங்களில் பெரும்பாலும் பெண்கள் மீதே சுமத்தப்படுவதால், ஒரே விதி இருவர்க்கும் ஒரே சுமையாக அமைவதில்லை. வெளிப்படையான பகைமை ஏதுமின்றி, நடுநிலையான விதியொன்றின் வழியாகவும் ஏற்றத்தாழ்வு உண்டாகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

மதுரைக் கிளையில் பெண் நீதிபதி ஒருவர் வழங்கிய ஆணைகளுள் மிகுதியாகப் பேசப்பட்டது, மார்ச் 2006 இல் ஆர். பானுமதி ஏறுதழுவலுக்கும் (ஜல்லிக்கட்டு) ரேக்ளா பந்தயத்துக்கும் தடை விதித்த ஆணையாகும். ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கோரிய மனுவிலேயே இவ்வாணை பிறந்தது. 2007 இல் இரு நீதிபதிகள் அமர்வு இதனை மாற்றியது. பின்னர் 2014 இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததும், 2017 இல் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்ததும், 2023 இல் அத்திருத்தத்தை அரசியலமைப்பு அமர்வு ஏற்றதும் அறியப்பட்டவையே. அவ்வாணையின் சரி, பிழை ஒருபுறமிருக்க, ஆண்களின் களமாகக் கருதப்பட்ட ஒரு பொருளில் முதல் ஆணையை வழங்கியவர் பெண் என்பது, பெண் நீதிபதிகள் குடும்ப வழக்குகளுக்கே ஏற்றவர்கள் என்னும் எண்ணத்துக்கு மாறானதாக அமைந்தது.

மதுரைக் கிளையில் வழக்காடிய பெண்கள் உயர் நீதிமன்ற நீதிபதியானதும் உண்டு. எடுத்துக்காட்டாக, 2023 பெப்ரவரியில் பதவியேற்ற எல். விக்டோரியா கௌரி இக்கிளையில் வழக்கறிஞராக இருந்தவர்.

கீழமை நீதிமன்றங்கள்

மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தைத் தவிர மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி முதலிய ஊர்களிலும் நீதிமன்றங்கள் உள்ளன. புதிதாகத் தெரிவு செய்யப்படும் உரிமையியல் நீதிபதிகள் இத்தகைய வட்டத் தலைநகரங்களிலேயே பணியைத் தொடங்குகின்றனர். தமிழ்நாட்டில் அரசுப் பணிகளின் நேரடித் தெரிவில் பெண்களுக்கு 30 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. நீதித்துறைத் தெரிவிலும் இது பின்பற்றப்படுவதால் இளம் பெண்கள் பெருமளவில் பணியில் சேர்கின்றனர். 2023 நவம்பரில் சவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஒருவர், குழந்தை பெற்ற சில நாட்களில் உரிமையியல் நீதிபதித் தேர்வெழுதி 2024 இல் தெரிவானது மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

பாகுபாட்டின் வடிவங்கள்

வழக்கு ஒதுக்கீடு

1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், அந்நீதிமன்றங்களின் நீதிபதிகளாகப் பெண்களுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் எனக் கூறுகிறது. மகளிர் நீதிமன்றங்களிலும் பெண் நீதிபதிகளை அமர்த்தும் போக்கு உண்டு. வழக்காட வரும் பெண்களுக்கு இது ஆறுதல் அளிக்கும் ஏற்பாடே. எனினும் ஒரு நீதிபதி தொடர்ந்து ஒரே வகை வழக்குகளில் அமர்த்தப்பட்டால், வணிகம், வரி, அரசியலமைப்பு, பெருங்குற்றம் ஆகிய துறைகளில் அவருக்குப் பட்டறிவு கிட்டாமற் போகிறது. பின்னர் உயர் பதவிக்கான பரிசீலனையில் அக்குறையே அவருக்கு எதிராகச் சுட்டப்படக்கூடும்.

மதிப்பீட்டுக் குறிப்புகள்

அரசியலமைப்பின் 235 ஆம் உறுப்பின்படி கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் நிர்வாகப் பொறுப்பாளராக உள்ளார். ஆண்டுதோறும் எழுதப்படும் மந்தணக் குறிப்புகள், முடிக்கப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கை, ஆய்வுப் பயண அறிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டே தகுதிகாண் பருவம் நிறைவு பெறுதலும் பதவி உயர்வும் முடிவு செய்யப்படுகின்றன. ஒரு சிலரின் கையில் இத்துணை அதிகாரம் குவிந்திருக்கும்போது, குறிப்பெழுதுவோரின் மனச்சாய்வு ஓர் இளம் நீதிபதியின் வாழ்க்கையையே மாற்றிவிடும். கருவுற்ற காலத்தில் முடித்த வழக்குகளின் எண்ணிக்கை குறைந்ததைத் திறமைக் குறைவாக எழுதுதல் இதன் பரவலான வடிவமாகும்.

இடமாற்றம்

இடமாற்றம் தண்டனை அன்று என்பது சட்ட நிலை. நடைமுறையில் கல்வியாண்டின் நடுவில் தொலைவான ஊருக்கு அனுப்பப்படும் ஆணை, குழந்தைகளுடன் வாழும் பெண் நீதிபதிக்குத் தண்டனையாகவே அமைவதுண்டு. முறையீடு செய்தால் அது "பணிவின்மை" எனக் கருதப்படலாம் என்ற அச்சமும் உண்டு.

பணிமூப்பு

உயர் நீதிமன்ற நீதிபதிகள் 62 வயதிலும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 65 வயதிலும் ஓய்வு பெறுகின்றனர். எனவே எந்த வயதில் நியமிக்கப்படுகிறார் என்பதே ஒருவர் தலைமை நீதிபதியாவாரா என்பதை முடிவு செய்கிறது. பெண்கள் காலந்தாழ்ந்து நியமிக்கப்படும்போது மூத்த நிலையை எட்டும் முன்னரே ஓய்வு பெற்றுவிடுகின்றனர். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி நியமனங்களைப் பரிந்துரைக்கும் கொலீஜியத்தில் ரூமா பாலுக்குப் பின் இடம்பெற்ற இரண்டாவது பெண் ஆர். பானுமதி ஆவார். இவர் 2019 நவம்பரில் அக்குழுவில் இணைந்து, 2020 ஜூலையில் ஓய்வு பெற்றார்.

அடிப்படை வசதிகள்

நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என 2021 இல் அன்றைய தலைமை நீதிபதி என். வி. இரமணா கூறினார். 2025 சனவரியில் நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் கழிப்பறை அமைக்க ஆணையிட்டது. இவர்களுள் மகாதேவன் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்றவர். கழிப்பறையற்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞரும் பெண் ஊழியரும் நாள் முழுவதும் நீர் அருந்தாமல் இருக்க நேர்கிறது. கட்டடம் எழுப்பப்பட்டபோது பெண்கள் அங்குப் பணியாற்ற வருவர் என எண்ணப்படவில்லை என்பதையே இது காட்டுகிறது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

குவாலியர் வழக்கு (2014-2022)

மத்தியப் பிரதேசத்தின் குவாலியரில் பணியாற்றிய ஒரு பெண் கூடுதல் மாவட்ட நீதிபதி, உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறினார். 2014 ஜூலையில் அவர் சித்தி என்னும் தொலைவான ஊருக்கு இடமாற்றப்பட்டார். மகளின் பள்ளிப் படிப்பைக் காரணம் காட்டி அவர் விடுத்த வேண்டுகோள்கள் ஏற்கப்படாததால் பதவி விலகினார். அப்புகாரை விசாரிக்க உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அமைத்த குழு உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

மாநிலங்களவை உறுப்பினர்கள் 58 பேர் கையொப்பமிட்ட பதவிநீக்கக் கோரிக்கையை அடுத்து, விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஆர். பானுமதி தலைமையில் மஞ்சுளா செல்லூர், கே. கே. வேணுகோபால் ஆகியோர் அடங்கிய குழு 2017 இல் அறிக்கை அளித்தது. பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், எனினும் அவ்விடமாற்றம் முறையற்றது என்றும் குழு கண்டது. பெப்ரவரி 10, 2022 அன்று உச்ச நீதிமன்றம், அவருடைய பதவி விலகல் தன்விருப்பிலானது எனக் கருத இயலாது எனக் கூறி அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. பணித் தொடர்ச்சி அளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் ஊதியம் அளிக்கப்படவில்லை.

இவ்வழக்கில் இரண்டு கேள்விகள் தனித்தனியே ஆராயப்பட்டன என்பது கவனத்துக்குரியது. துன்புறுத்தல் நிகழ்ந்ததா என்பது ஒன்று. புகார் கூறியவர் நடத்தப்பட்ட முறை நேர்மையானதா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை எதுவாயினும், இரண்டாவது தனியே விடை வேண்டி நிற்கிறது.

ஆறு பெண் நீதிபதிகளின் பணிநீக்கம் (2023-2025)

2023 இல் மத்தியப் பிரதேசத்தில் ஆறு பெண் உரிமையியல் நீதிபதிகள் தகுதிகாண் பருவத்தில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இதனை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. நால்வர் 2024 இல் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். எஞ்சிய இருவரின் பணிநீக்கத்தைப் பெப்ரவரி 28, 2025 அன்று நீதிபதிகள் பி. வி. நாகரத்னா, என். கோடீசுவர் சிங் ஆகியோர் அடங்கிய அமர்வு நீக்கறவு செய்தது. அவ்விருவருள் ஒருவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டிருந்தது. அவருடைய பணி அளவைக் கணக்கிட்டபோது அது கருத்திற்கொள்ளப்படவில்லை. விசாரணையின்போது, ஆண்களுக்கும் மாதவிடாய் இருந்திருந்தால் இது அவர்களுக்குப் புரிந்திருக்கும் என்னும் பொருள்பட நீதிபதி நாகரத்னா கூறியது பரவலாக அறியப்பட்டது. பெண்கள் நீதித்துறையில் சேர்வது மட்டும் போதாது, அங்கு நிலைத்திருக்க ஏற்ற சூழலும் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரமாகும்.

தலைமை நீதிபதியின் பதவி விலகல் (2019)

2019 ஆகத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தகில்ரமாணியை மேகாலயா உயர் நீதிமன்றத்துக்கு மாற்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. அப்போது சென்னையில் அனுமதிக்கப்பட்ட நீதிபதி பணியிடங்கள் 75, மேகாலயாவில் சிலவே. மறு ஆய்வு கோரிய அவருடைய வேண்டுகோள் மறுக்கப்பட்டதும், அவர் 2019 செப்டம்பரில் பதவி விலகினார். அப்போது நாட்டின் உயர் நீதிமன்றங்களில் பெண் தலைமை நீதிபதிகள் இருவரே இருந்தனர். தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் ஈடுபட்டனர். இடமாற்றத்துக்குத் தக்க காரணங்கள் உண்டு என உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஆயினும் அக்காரணங்களை அப்போது வெளியிடவில்லை. இதனைப் பாலினப் பாகுபாடு என்று கொள்ள இயலுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காரணம் கூறப்படாத ஆணை, ஐயத்தைப் போக்கவும் இயலாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

முன்னாள் நீதிபதி மீதான வழக்கு (2020)

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட சி. எஸ். கர்ணன், ஓய்வு பெற்ற பின்னர் வெளியிட்ட காணொளிகளில் பெண் நீதிபதிகளையும் நீதிபதிகளின் மனைவியரையும் இழிவாகப் பேசினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றப் பெண் வழக்கறிஞர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு முறையிட்டனர். அவர் 2020 டிசம்பர் 2 அன்று சென்னைக் காவல்துறையால் கைது செய்யப்பட்டார்.

குடவாசல் நிகழ்வு (2025)

திருவாரூர் மாவட்டம் குடவாசல் நீதிமன்றத்தில் பணிபுரிந்த பெண் அலுவலக உதவியாளர் ஒருவருக்கு, அவருடைய திருமணத்தை ஐயுற்று மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆர். சுப்பிரமணியன், ஜி. அருள்முருகன் ஆகியோர் அடங்கிய அமர்வு அவ்வாணையை நீக்கி, விடுப்பு வழங்கவும் ஒரு இலட்சம் ரூபாய் இழப்பீடு அளிக்கவும் உத்தரவிட்டது. நீதிமன்றப் படிநிலையில் கீழே உள்ள பெண்ணே இத்தகைய பாகுபாட்டின் முழுச் சுமையையும் ஏற்கிறார் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. அதே வேளையில், தன் நிர்வாகத்தின் தவற்றைத் தன் தீர்ப்பால் திருத்திக்கொள்ளும் ஆற்றல் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதையும் இது காட்டுகிறது.

தீர்ப்புகளில் பாலினச் சாய்வு

உடன் பணியாற்றுவோர் பற்றிய எண்ணமும், வழக்காட வரும் பெண்கள் பற்றிய எண்ணமும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து பிறப்பவை. 2015 ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில், பாலியல் வன்கொடுமைக் குற்றவாளி ஒருவர் பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசப் பேச்சு நடத்தும் பொருட்டுப் பிணையில் விடப்பட்டார். அதே காலத்தில் மற்றொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வகைச் சமரசத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இதன் பின்னர் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

மார்ச் 18, 2021 அன்று அபர்ணா பட் வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவர் புகாரளித்த பெண்ணிடம் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்ற பிணை நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2023 ஆகத்தில் பாலின முன்முடிவுகளைக் களைவதற்கான கையேடு ஒன்றையும் அது வெளியிட்டது.

இதற்கு மறுதலையாக, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் 2009 இல் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்பை மதிப்பிடும்போது, ஊதியம் இல்லை என்பதனால் அதற்கு மதிப்பில்லை எனக் கொள்ளலாகாது என்று அவர் விளக்கினார்.

ஆய்வுகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி வாதங்களை ஆராய்ந்து டோன்யா ஜாக்கோபி, டிலன் சுவீர்ஸ் ஆகியோர் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, பெண் நீதிபதிகளின் பேச்சு ஆண் நீதிபதிகளின் பேச்சை விட ஏறத்தாழ மும்மடங்கு இடைமறிக்கப்பட்டதாகக் கண்டது. இடைமறித்தோருள் உடன் அமர்ந்த நீதிபதிகளும் வாதிட்ட வழக்கறிஞர்களும் அடங்குவர்.

பாய்ட், எப்ஸ்டைன், மார்ட்டின் ஆகியோரின் 2010 ஆம் ஆண்டு ஆய்வின்படி, பெரும்பாலான வழக்கு வகைகளில் ஆண், பெண் நீதிபதிகளின் முடிவுகளில் வேறுபாடு இல்லை. பாலினப் பாகுபாட்டு வழக்குகளில் மட்டுமே வேறுபாடு காணப்பட்டது. அவ்வழக்குகளில் பெண் நீதிபதி ஒருவருடன் அமரும் ஆண் நீதிபதிகளின் முடிவும் மாறுகிறது என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பாகும்.

இந்தியக் கீழமை நீதிமன்றங்களின் பல இலட்சம் குற்ற வழக்குகளை ஆராய்ந்த அண்மைக் கால ஆய்வொன்று, நீதிபதிகள் தம் பாலினத்தைச் சேர்ந்த குற்றஞ்சாட்டப்பட்டோர்க்குச் சலுகை காட்டுவதாகத் தெரியவில்லை எனக் கூறுகிறது. ஆயின் இவ்வாய்வு வழக்குகளின் முடிவை அளந்ததேயன்றி, நீதிபதிகள் ஒருவரையொருவர் நடத்தும் முறையை அளக்கவில்லை.

பிற நாடுகள்

இலங்கையில் 1996 இல் சிராணி பண்டாரநாயக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகவும், 2011 இல் முதல் பெண் தலைமை நீதியரசராகவும் நியமிக்கப்பட்டார். 2013 சனவரியில் அவர் பதவி நீக்கப்பட்டார். நாடாளுமன்றத் தெரிவுக்குழுவில் தாம் இழிவாக நடத்தப்பட்டதாக அவர் தரப்பில் கூறப்பட்டது. 2015 சனவரியில் மீண்டும் பதவியேற்று, மறுநாளே ஓய்வு பெற்றார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வழிக் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை, 1967 இல் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாகச் சட்ட அலுவலகம் தொடங்கிய, வெள்ளையரல்லாத முதல் பெண் ஆவார். இனவொதுக்கல் காலத்தில் நீதிபதிகளின் அறைக்குள் நுழையவும் அவருக்கு அனுமதியில்லை. 1995 இல் உயர் நீதிமன்ற நீதிபதியான பின்னரே அவ்வறைக்குள் முதன்முறையாகச் சென்றார். ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றத் தீர்ப்பாயத்தில் சில ஆண்டுகள் அவர் ஒருவரே பெண் நீதிபதி. 1998 இல் அத்தீர்ப்பாயம் அக்கயேசு வழக்கில், பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் பகுதியாகலாம் என்று தீர்ப்பளித்தது.

தீர்வு நடவடிக்கைகள்

1997 ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பும் 2013 ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் நீதிமன்றங்களிலும் புகார்க் குழுக்கள் அமையக் காரணமாயின. ஆயினும் பதவியிலுள்ள உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகார்கள் இக்குழுக்களுக்குச் செல்வதில்லை. அவை 1999 இல் ஏற்கப்பட்ட உள்ளக நடைமுறையின்படி நீதிபதிகளாலேயே விசாரிக்கப்படுகின்றன. நீதிபதியை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. நீதித்துறையின் தன்னுரிமையைக் காக்க இவ்வேற்பாடு தேவை என்பது ஒரு சாராரின் கருத்து. புகார் கூறும் இளம் நீதிபதிக்கு இது போதிய காப்பு அளிப்பதில்லை என்பது மற்றொரு சாராரின் கருத்து.

பரிந்துரைக்கப்படும் பிற நடவடிக்கைகள் வருமாறு:

* மதிப்பீட்டுக் குறிப்புகளில் மகப்பேறு, கருச்சிதைவு, கடும் நோய் ஆகியவற்றின் காலத்தைக் கணக்கில் கொள்ளுதல்
* எதிர்மறைக் குறிப்புகளை உடனே தெரிவித்து, விளக்கம் அளிக்க வாய்ப்பளித்தல்
* இடமாற்றங்களுக்கு எழுத்து வடிவில் காரணம் கூறுதல்
* வழக்கு வகைகளை நீதிபதிகளிடையே சுழற்சி முறையில் ஒதுக்குதல்
* பெண் வழக்கறிஞர்களை உரிய வயதில் உயர் நீதிமன்றப் பதவிக்குப் பரிந்துரைத்தல்
* நீதிபதிகளுக்கான பயிற்சியில் பாலின உணர்திறன் பாடங்களைச் சேர்த்தல்

மாற்றுக் கருத்துகள்

பெண் நீதிபதிகள் எல்லோரும் இப்பொருளில் ஒரே கருத்தினர் அல்லர். தம்மைப் "பெண் நீதிபதி" எனத் தனித்துச் சுட்டுவதையே விரும்பாதோர் உண்டு. இட ஒதுக்கீட்டின் வழி வந்தவர் என்ற பேச்சுக்கு ஆளாக நேரும் என அஞ்சுவோரும் உண்டு. பாகுபாட்டைக் காட்டிலும் வழக்குச் சுமையும் பணியிடப் பற்றாக்குறையுமே எல்லா நீதிபதிகளையும் பாதிக்கும் முதற் குறை என்று கருதுவோரும் உளர். எனினும் தமக்கு நேர்ந்த தீங்குக்கு நீதி வேண்டி ஒரு நீதிபதியே எட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததைக் குவாலியர் வழக்குக் காட்டுகிறது. அந்நிலையில் சாதாரணப் பெண் வழக்காடுநர் என்ன நம்பிக்கையுடன் நீதிமன்றத்துக்கு வருவார் என்ற கேள்வி எழுவது இயல்பே.

2021 இல் ஐக்கிய நாடுகள் பொது அவை மார்ச் 10 ஆம் நாளைப் பன்னாட்டுப் பெண் நீதிபதிகள் நாளாக அறிவித்தது.

இவற்றையும் பார்க்க

* சென்னை உயர் நீதிமன்றம்
* சென்னை உயர் நீதிமன்றம் - மதுரைக் கிளை
* அன்னா சாண்டி
* பாத்திமா பீவி
* ஆர். பானுமதி
* நவநீதம் பிள்ளை
* விசாகா வழக்கு